பாலிதீன் பிரிக்காத கியர் சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு பாஸ்கர் சார் வந்தார். கையில் பேப்பரிலிருந்து கிழித்த ஒரு விளம்பரம்.

"மேடம், மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இந்தக் காலனியில உங்க வீட்லதான் இருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?"

என் வீட்டுக்காரர் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சேலையூரில் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தும் எனக்கும் மவுண்டன் பைக்குக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் யாராவது வந்து சந்தேகம் கேட்டால், தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் உத்தியோகத்தில் கிடையாது. அவரை உட்காரவைத்து, காபியைக் கொடுத்து, ஆரம்பித்துவிட்டேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். மவுண்டன் பைக் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கியரையும் இல்லை, டயரையும் இல்லை. வீட்டில் பாலிதீன் கவரைப் பிரிக்காத ஆசாமி யாராவது இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருக்கிறார். டிவி ரிமோட்டுக்குக் கவர். சூட்கேஸுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க ஒரு பழைய வேட்டி. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. போன தீபாவளிச் சட்டையில் குண்டூசி கூட எடுக்கவில்லை. நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவர். வேலைக்குப் போகும்வரை அவர் உடம்பில் பட்ட சட்டை எல்லாமே யாரோ ஒரு அண்ணன் போட்டுச் சாயம் போனதுதான். அது தெரிந்ததால், கேலி செய்வேனே தவிர நான் சண்டை போட்டதில்லை.

எங்கள் ஒரே பெண் நித்யா காட்டாங்குளத்தூரில் இன்ஜினீயரிங் முடித்து, மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெயினியாகச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு சைக்கிள். கறுப்பு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய், மின்சார ரயில் பிடித்து, தலை நரைத்த மனிதர் இல்லையா? அதனால் பட்டை டயரும் கியருமாக, பச்சை நிறத்தில் ஒரு மவுண்டன் பைக்.

ஹேண்டில்பாரைத் தடவினார். சீட்டில் சுற்றியிருந்த பாலிதீனைத் தடவினார். அன்றே சந்தனம், குங்குமம் வைத்து, பிள்ளையார் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அடுத்தது சைக்கிள் கடை.

"கேரியர் இல்லாத வண்டி ஒரு வண்டியா சார்? ஸ்டாண்டு இல்லாம எங்க சாத்திகினு நிப்ப?" என்றார் கடைக்காரர். கேரியர், ஸ்டாண்டு, டைனமோ, முழு மட்கார்டு எல்லாம் ஏறின. புடவை சிக்காமல் இருக்கும் வலைக்கம்பியையும் மாட்டப் போனார். அதை மட்டும் நித்யா தடுத்துவிட்டாள். பாஸ்கர் சாரிடம் இதை அழுத்திச் சொன்னேன். மலைப் பாதைக்குப் போகிற சைக்கிளில் எவ்வளவு குறைவாக மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. முழு மட்கார்டில் சேறு அடைத்தால் சக்கரம் சுற்றாது.

வீட்டுக்கு வந்த சைக்கிள் நேராக ஹாலுக்குள் போனது. மேலே ஒரு பெட்ஷீட். மறுநாள் காலை அவர் அதே கறுப்பு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. மாதங்கள் ஓடின. நித்யா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வேலையிலிருந்து வந்ததும் முதலில் அந்த பெட்ஷீட்டைத்தான் பார்ப்பாள். பிறகு கை கழுவப் போவாள்.

அப்புறம் அவளுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, அப்பாவோடு ஒரு தடவையாவது மலை ஏறிவிட்டு வரவேண்டும் என்றாள். அவள் அப்படிக் கேட்டபிறகு அவர் மறுப்பாரா?

மூன்று பேரும் கிளம்பினோம். அவர் புது சைக்கிளில், அவள் சிநேகிதியிடம் இரவல் வாங்கிய கியர் சைக்கிளில், நான் ஸ்கூலுக்கு ஓட்டும் லேடீஸ் சைக்கிளில். மேடவாக்கம் போகும் வழியில், வேலையை நிறுத்திவிட்ட ஒரு கல்குவாரியை ஒட்டி, செம்மண் பாதை ஒன்று குன்றின் மேல் ஏறுகிறது. ஐப்பசி மாதம். வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

நித்யா முன்னால் போய்க்கொண்டே பாடம் நடத்தினாள். மேடு வந்தபிறகு கியரை மாற்றினால் செயின் திணறும். மேடு கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம்தான் மேட்டுக்கு லேசு. டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடைக்காமல் கொஞ்சம் தளர்த்தினால் சரளையில் வழுக்காது. இத்தனையையும் நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு கியரே கிடையாது.

கியர் இருந்தவரோ இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கியரை மாத்துங்களேன்" என்றேன்.

"சும்மா சும்மா மாத்தினா தேஞ்சிடும்" என்றார்.

கடையில் செயினை எந்தப் பல்லில் வைத்துக் கொடுத்தார்களோ, அதிலேயேதான் இருந்தது. லீவரைச் சுற்றிய பாலிதீன் கூடப் பிரியவில்லை. எதிரே விறகோடு வந்த ஒருவர் பளபளக்கும் சைக்கிளையும் வியர்த்து வழியும் மனிதரையும் பார்த்து நின்றார். "இன்னா சார், பஞ்சரா கீதா?" என்று உண்மையான கரிசனத்தோடு விசாரித்தார். நான் சிரித்துவிட்டேன். நித்யா சிரிக்கவில்லை.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நானும் அவளும் ஒரு வேப்பமரத்தடிக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தால்... அவர் போட்டிருந்த ரெயின்கோட்டைக் கழற்றி, சைக்கிளுக்குப் போர்த்தி, பட்டனும் போட்டுவிட்டுப் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார்.

"அப்பா, கோட்டைப் போட்டுக்கோங்க."

"பரவாயில்லம்மா. புது வண்டி."

நித்யா மழையில் இறங்கிப் போனாள். அழுகிறாள் என்று குரலில்தான் தெரிந்தது.

"உங்களுக்குத்தானேப்பா வாங்கினேன்? பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. கடையில மாத்திக் கொடுத்திருப்பாங்க."

அவர் திடுக்கிட்டுப் போனார். தான் பொத்திப் பொத்தி வைத்ததை அவள் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் இத்தனை மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் ஒரே ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டு எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறோம்.

"நீ வாங்கிக் கொடுத்ததும்மா" என்றார். சைக்கிள் மேல் கிடந்த கோட்டை இழுத்துவிட்டபடி, "என்னிக்காவது நீ இங்கயிருந்து போயிடுவ. இதாவது அப்படியே இருக்கட்டும்னு..." என்றார்.

நித்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான் முதலில் நகர்ந்தார். ரெயின்கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டார். பிறகு குனிந்து, சீட்டில் சுற்றியிருந்த பாலிதீனை நகத்தால் கீறி உரித்தார். அடுத்தது லீவர். கட்டைவிரலால் தள்ளினார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து நித்யா பெடலைச் சுற்ற, செயின் கடகடவென்று பெரிய பல்லுக்கு ஏறியது. "இவ்ளோ லேசாவா போகும்?" என்று கேட்டுக்கொண்டே மேட்டில் ஏறினார். பின்னால் நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உச்சியில் மழை விட்டிருந்தது. கீழே ஏரி, வயல், தூரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு விமானம். வாழைப்பழம் சாப்பிட்டோம்.

இறக்கத்தில்தான் உண்மையான பாடம். உடம்பைப் பின்னால் தள்ளுங்கள், முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள் என்று நித்யா கத்திக்கொண்டே போனாள். அவர் முன் பிரேக்கை மட்டும் பிடித்தார். குட்டையில் விழுந்து எழுந்தபோது மனிதரும் சைக்கிளும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். பதறி ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அந்த வாரமே அவள் புனேவுக்கு ரயில் ஏறினாள்.

இவ்வளவையும் கேட்டு முடித்த பாஸ்கர் சார், "அந்த வண்டியை ஒரு தரம் பார்க்கலாமா?" என்று எழுந்து ஹாலில் இருந்த பெட்ஷீட்டைத் தூக்கினார். ஹேண்டில்பாரிலிருந்து பெடல் வரை காய்ந்துபோன செம்மண்.

"என்ன மேடம், அதுக்கப்புறம் கழுவவே இல்லையா?"

சரியாக அந்த நேரத்தில் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார் என் வீட்டுக்காரர். "தொடாதீங்க சார், உதிர்ந்துடும்" என்று சொல்லி, பெட்ஷீட்டை மெதுவாக இழுத்து மூடினார். "நித்யா வந்ததும் மறுபடி மலைக்குப் போகும்போது கழுவிக்கலாம்."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். இந்த ஆளைத் திருத்த முடியாது என்பதுபோல நான் கையை விரித்துக் காட்டினேன்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் பெருக்க வந்தேன். சைக்கிளுக்கு அடியில் ஒரு பிடி செம்மண் உதிர்ந்து கிடந்தது. துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, பரணிலிருந்து பெரிய பாலிதீன் கவர் ஒன்றைத் தேடி எடுத்து, சைக்கிளைச் சுற்றிக் கட்டினேன்.