அரண்மனைக்கு நடந்த பெண்களும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் வணக்கம். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நிதானம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஜோகுபாளையத்தில், இன்றும் நாங்கள் இருக்கும் அதே ஒற்றை அறை வீட்டில். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த எங்கள் அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா வேலைக்குப் போனதால், என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அதற்காகப் படிக்காமல் போனவர் அக்கா.

வளர்ந்ததும் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். விடியலில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கழிவறை இல்லை. வீட்டுக்காரர்களிடம் கேட்கவும் முடியாது. அதனால் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்ய அக்கா பழகிக்கொண்டார்.

நான் பி.ஏ. வரலாறு எடுத்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். ஒற்றை அறையில் அக்காவும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் வந்தது. ரொட்டி கிடைக்காத பாரிஸ் நகரத்துச் சந்தைப் பெண்கள், மழையில் நடந்தே வெர்சாய் அரண்மனைக்குப் போய், மறுநாள் அரசரைக் குடும்பத்தோடு பாரிஸுக்கு அழைத்து வந்ததைப் படித்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"இன்னாடா சொல்ற? ராஜாவையே இட்டுனு வந்துட்டாங்களா?"

"ஆமாக்கா."

"மனு கினு எதுவும் குடுக்கல?"

"போய் நின்னாங்க. சத்தம் போட்டாங்க. கத்தி, ஈட்டி எல்லாம் வெச்சினு இருந்தாங்க."

"அவங்க புள்ளைங்கள அன்னிக்கு யாரு பாத்துக்கினாங்க?"

புத்தகத்தில் அது இல்லை. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே மேலே படிக்கச் சொன்னார். சில ஆண்டுகளில் அதே புரட்சிக்காரர்கள் பெண்களின் சங்கங்களைத் தடை செய்து, வீட்டைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டதையும் படித்தேன். கோபமெல்லாம் என் மேல்தான் இறங்கியது.

"இட்டுனு வந்தவளுங்களையே தொரத்திட்டானுங்களா? பேஜாரு புடிச்ச படிப்புடா இது!"

ஆனால் அந்தப் பாரிஸ் பெண்கள் அக்காவின் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் பெண்களோடு குடியிருப்புச் சங்கத் தலைவர் வீட்டுக்கே போகப்போவதாகச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது.

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

"தலையவா வெட்டப் போறாங்க? கேட் பாஸத்தான் புடுங்குவாங்க. நீ படி, போ."

அன்று நடந்ததை, கூடப் போன அக்காவின் தோழி லிங்கராஜபுரம் மேரி அக்கா எனக்குச் சொன்னார். கதவைத் திறந்த தலைவரிடம் அக்கா, "சார், நாங்க எதுவும் எழுதினு வரல. நீங்க எங்ககூட கீழ வாங்க, அது போதும்" என்றாராம்.

"எதா இருந்தாலும் ஆபீஸ்ல சொல்லுங்கம்மா."

"ஆபீஸுக்கு அவசரம் வராது சார். எங்களுக்கு வருது."

உள்ளேயிருந்து தலைவரின் மனைவி சிரித்துவிட்டார். அதற்குமேல் தலைவரால் மறுக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். தரைத்தளத்துக்கும் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்த இடுக்கைக் காட்டினார்கள். ஒருத்தி புடவையை மறைப்பாகப் பிடிக்க, இன்னொருத்தி ஒதுங்கும் இடம் அதுதான். அந்த வாரமே கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த கழிவறை திறக்கப்பட்டது.

அதற்கடுத்த வாரம் அக்காவின் பாஸ் வேலை செய்யவில்லை. காரணம் கேட்டபோது, காவலாளி சங்க ஆபீஸைக் கைகாட்டினாராம். தான் திறக்கவைத்த அந்தக் கழிவறையைத் தொடர்ந்து பயன்படுத்த அக்காவை விடவில்லை.

மேரி அக்காவின் உதவியால் லிங்கராஜபுரத்தில் சில வீடுகளில் வேலை கிடைத்தது. ஆனாலும் சாயங்காலமானால், பழைய குடியிருப்பிலேயே வேலை செய்துகொண்டிருந்த மேரி அக்காவுக்குப் போன் போட்டு, "தொறந்துதானே இருக்குது?" என்று கேட்பார். கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

பிறகு காய்ச்சல் வந்து வந்து போனது. பல ஆண்டுகளாகத் தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்ததால் திரும்பத் திரும்பத் தொற்று வந்து சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். கடைசி நாட்களில் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். அவ்வளவு காலம் வேண்டாம் என்று இருந்தவர், அப்போதுதான் இன்னும் ஒரு வாய் கேட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அம்மாவைத் தனியாக விடாமல் சோறு கொண்டுவந்து கொடுத்த எங்கள் தெருவாருக்கும், அக்கா போன அன்று வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்ற மேரி அக்காவுக்கும் அவரோடு வந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடியிருப்புக்குப் புதிய நிர்வாகம் வந்து, போன மாதம் அந்தக் கழிவறையை மறுபடியும் பூட்டிவிட்டது. இன்று மதியம் அங்கே சங்கத்தின் பொதுக்கூட்டம். ஆகவே, நினைவு நாள் பந்தியில் பாதியில் எழுந்துபோகும் பெண்களை, பாயசம் வரட்டும் உட்காருங்கள் என்று தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அவர்கள் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். நானும் அவர்களோடு போகிறேன். மீதிப் பந்தியை மாமா பார்த்துக்கொள்வார்.