மேலாளர் படித்த போர்ட் எண்

எருமப்பட்டி சாலையில் இருக்கும் முட்டை ஏற்றுமதி அலுவலகத்தில் நாற்பது கணினிகளையும் கட்டி மேய்ப்பவள் அங்காளம்மாள். பதினோரு வருடமாக இதே வேலை. மேலாளர் தண்டாயுதபாணிக்கு அவள் இன்னமும் ஒயர் இழுக்கிற பொம்பளைதான். அவருடைய கணினி ஞானம் ஆன் பண்ணுவதோடு சரி. வாய் மட்டும் காவேரிக்கு அக்கரை வரை கேட்கும்.

செவ்வாய்க்கிழமை போட்டிக் கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர்கள் விற்பது அழுகல் முட்டை என்று யாரோ பெயர் போடாமல் இணையத்தில் எழுதிவிட்டார்களாம். எழுதியது இந்த அலுவலகத்தின் இணைய முகவரியிலிருந்துதான் என்று தேதி, நேரம், 51214 என்ற போர்ட் எண் எல்லாம் போட்டிருந்தார்கள்.

மேலாளர் கடைசி இரண்டு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பதினான்காம் நம்பர் நாற்காலி அஸ்பியாவுடையது. போதாதா அவருக்கு! சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண்ணை அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் அழுதாள். அங்காளம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சார், அது சேர் நம்பருங்களா?"

நாற்பது கணினிக்கும் வெளியுலகில் ஒரே முகவரிதான் என்று அவள் விளக்கினாள். உள்ளேயிருந்து எது வெளியே போனாலும், இணைய வாசலில் காவல் இருக்கும் ஃபயர்வால் கருவி அனுப்பிய கணினியின் சொந்த முகவரியை எடுத்துவிட்டு, அலுவலக முகவரியைப் போட்டு, அந்த நேரத்துக்குச் சும்மா இருக்கும் போர்ட் எண் ஒன்றை ஒட்டி அனுப்பும். எந்த எண் யாருக்கு என்று குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். வேலை முடிந்ததும் அதே எண் இன்னொருவருக்குப் போய்விடும். டீ கொண்டுவந்தவருக்கே இது புரிந்துவிட்டது. மேலாளருக்குப் புரியவில்லை.

அங்காளம்மாள் ஃபயர்வாலின் பதிவைத் திறந்தாள். அந்தத் தேதி, அந்த நேரம், 51214. உள்ளே அது யாருடையது? மேலாளர் அறையில் இருக்கும் வைஃபை பெட்டியுடையது. தனக்குத் தனியாக வேண்டும் என்று சண்டை போட்டு அவரே மாட்டிக்கொண்டது. பெட்டியும் ஃபயர்வால் செய்கிற அதே முகவரி மாற்றும் வேலையைத்தான் செய்கிறது.

"பெட்டி உங்க ரூமுதுங்க. அதுக்குப் பின்னால எந்த போனுன்னு இதுல தெரியாதுங்க. பாஸ்வேர்டு வெச்சிருக்கற நீங்கதான் சொல்லோணும்."

தண்டாயுதபாணி குரலை இறக்கினார். "மெசின் சொல்றதையெல்லாம் நம்பிட முடியுமா? நல்லா விசாரிக்காம ஒரு மனுசன் மேல பழி போடலாமா?"

அஸ்பியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மேல போட்டப்ப நான் மனுசியாத் தெரியலீங்களா சார்?"