ஒத்தப்பனையேந்தலில் இரண்டு இலை

திம்மையா வழி போட்டுக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் பேச்சு உண்டு. சேலை மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே கிராமங்களுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் கழிவு நூலில் ஒரு நீளம் எடுத்துத் தரையில் நீட்டி, முடிச்சுப் போட ஆரம்பிப்பார். ஒற்றை முடிச்சு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடம். இரட்டை முடிச்சு இராத்தங்கல். சிவப்பு நூல் சுற்றிய முடிச்சு வந்தால் அந்த ஊரில் மூட்டையை அவிழ்க்கவே கூடாது. எழுத்து தெரியாதவனும் அந்த நூலை விரலால் தடவிக்கொண்டே ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்துவிடுவான்.

முடிச்சுப் போடும்போதே வாயும் ஓடும்.

"திருச்சுழியில கோயில் வாசல்ல விரிக்காத. கும்பிட வாரவுக கையில பூவு இருக்கும், காசு இருக்காது. கும்பிட்டு முடிச்சு ஆத்துக்கு இறங்குற பாதையில விரி. நரிக்குடிப் பக்கம் அரக்குக் கட்டம் போட்ட சேலைதான் போகும். அங்க முக்கியமா ஒண்ணு. அவுக முன்னால நம்மளுக்குள்ள தெலுங்கு பேசாதீக. ஏமாத்தத்தான் பேசுறாகன்னு நினைப்பாக. பெறகு நீ சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாக. வீரசோழன்ல வெள்ளிக்கிழமை தொழுகை முடியிற மட்டும் மூட்டையைத் தொடாத. பொம்பளையாளுக தெருவுக்கு வர மாட்டாக. நீ வீட்டு நடையில நின்னு, திரைக்கு இந்தப் பக்கமிருந்தே விலையைச் சொல்லணும். மயிலு, அன்னம் போட்ட கரையை உள்ள அனுப்பாத. கோட்டுக் கரையை அனுப்பு."

எந்த ஊரில் எந்தச் சாமிக்கு எப்போது காப்புக் கட்டுவார்கள் என்பதும் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. வியாபாரத்துக்குப் போகிறவனுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பவர் யாரானாலும் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. விருந்தாளிக்கும் அதே சட்டம்தான்.

இவ்வளவு சரியான நூலில் ஒரே ஒரு கோணல் இருந்தது. வீரசோழனிலிருந்து நரிக்குடிக்குத் திரும்பும் நேர்ப்பாதையை விட்டு, தெற்கே பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு வரும். நேர்ப்பாதையில் இருக்கிற ஊர் ஒத்தப்பனையேந்தல். அந்த ஊருக்கு அவர் நூலில் முடிச்சே கிடையாது. சிவப்பு முடிச்சுகூட இல்லை.

வண்டிக்காரர் உக்கிரபாண்டி இதை வைத்துக் கேலி பேசுவார். "திம்மையா நாயக்கரு போட்ட வழியில போனா வாங்கின கன்னு காளையாகித்தான் திரும்பும்." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் காரணம் யாருக்கும் தெரியாததல்ல.

சுபானு வருஷம் பங்குனி மாதம். யுத்தக் காலம். நூல் கட்டுப்பாட்டில் இருந்தது. நெசவாளர்களுக்கு நூல் போடுகிற நாளில் கையில் சீட்டோடு போய் நிற்காவிட்டால் அடுத்த தடவை வரை தறி சும்மா கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் திம்மையாவும், தங்கை லிங்கம்மாளின் புருஷன் வெங்கடரமணனும் கிழக்கே வியாபாரத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பும் வழியில் ஒத்தப்பனையேந்தல். திம்மையா கணக்குப்படி அங்கே திருவிழா முடிந்திருக்க வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்து காப்பு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போயிருந்தது. வீரசோழனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரியாத காப்பா என்ற நினைப்பில் அவர் கேட்கவில்லை. சாவடியில் சேலையை விரித்து வைத்திருக்கும்போதே கொட்டுச் சத்தம் வந்தது. காப்புக் கட்டியாயிற்று.

"ஒரு வாரந்தானே மச்சான், இருந்துட்டுப் போவோம்" என்றான் வெங்கடரமணன். "சோறு போடுறாக, கூத்து வச்சிருக்காக. நமக்கு என்ன?"

"நூலுக்கு யாரு நிப்பா? வீட்டுல தறி தூங்கும். இது நம்ம சாமியா? நம்மள ஒண்ணும் செய்யாது, கெளம்பு."

விடியற் கருக்கலில் வண்டியைப் பூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டார்கள். நரிக்குடி தாண்டி வெயில் ஏறியதும் வெங்கடரமணனுக்கு வாந்திபேதி கண்டது. குண்டாற்று மணலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே இருந்தவர்களைத் துணைக்கு வைத்து, ஆற்றங்கரையிலேயே திம்மையா அடக்கம் செய்தார். அந்தப் பங்குனியில் அந்தப் பக்கம் பல ஊர்களில் வாந்திபேதி இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திம்மையாவுக்கும் அது தெரியும். தெரிந்து பயன் இல்லை.

வெங்கடரமணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் உட்கார மாட்டான். பின்னால் நடந்து வருவான். முன்பல் சந்து வழியாகச் சீட்டி அடிப்பான். ஏதோ ஒரு மெட்டு. இரண்டு இழுப்பு இழுத்து, மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, "ஹை" என்று மாட்டை அதட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அந்த மெட்டின் முடிவை யாரும் கேட்டதில்லை.

அவன் போன பிறகு திம்மையா வண்டியேறிய முதல் தடவையே அது பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தால் செம்மண் பாதையும் உடைமரமும்தான். மாடுகள் காதை ஆட்டின. வண்டி ஓட்டிய உக்கிரபாண்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று பயணத்துக்குப் பிறகு திம்மையா வெளியே போவதை விட்டார். அது அவரை விடவில்லை. மற்றவர்களுக்கு வழி போடும்போது, நூலில் வீரசோழன் முடிச்சைத் தாண்டி விரல் நகர்ந்தால், முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், அந்த இரண்டரை இழுப்பு. விரல் தானாகத் தெற்கே வளைந்துவிடும்.

விய வருஷம் மாசிக் கடைசியில் ஒரு நாள் லிங்கம்மாள் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தரையில் நீட்டினாள். முடிச்சுகள் எல்லாம் அண்ணன் போடுகிற மாதிரியே இருந்தன. ஆனால் நூல் எங்கேயும் வளையவில்லை. நேர்ப்பாதையின் நடுவில் ஒரு இரட்டை முடிச்சு இருந்தது. அந்த முடிச்சை மறுபடி மறுபடி போட்டுக் குண்டாக்கியிருந்தாள்.

"இந்த வழியில என்னைக் கூட்டிட்டுப் போங்க அண்ணய்யா."

"அங்க போய் என்னம்மா செய்யப் போற?"

"அவரு இருக்காம வந்த நாளை நான் இருந்து முடிக்கப் போறேன்."

"அவுக நம்மளை உள்ள விடுவாகளா? காப்பை முறிச்சிட்டு ஓடுனவன் நான்."

"அடிச்சா வாங்கிக்கோங்க" என்றாள் லிங்கம்மாள். பிறகு குரலைத் தணித்து, "இன்னமும் கேக்குதா?" என்றாள்.

அவர் தலையசைத்தார். அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

திம்மையாவுக்கு ஆசை ஒன்றுதான். அந்தச் சத்தம் நிற்க வேண்டும். நாள் கழித்தால் நிற்கும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் புறப்பட்டார்.

உக்கிரபாண்டிதான் வண்டி ஓட்டினார். திருச்சுழியில் ஓரிரவு. நரிக்குடியில் கண்மாய்க் கரையில் சோறு பொங்கித் தின்றார்கள். ஆட்டுக்காரர்களிடம் காப்பு எப்போது என்று திம்மையா விசாரித்தார். வீரசோழனில் கடைக்காரரிடம் மறுபடி விசாரித்தார். வழியில் எதிர்ப்பட்டவனிடம் மூன்றாவது முறையும் கேட்டார். "ஏலே, இவரு என்ன, தாசில்தாரா?" என்று அவன் உக்கிரபாண்டியிடம் கேட்டான்.

காப்புக்கு முதல் நாள் ஒத்தப்பனையேந்தலுக்குள் வண்டி நுழைந்தது. யாரும் அடிக்கவில்லை; திம்மையாவை யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. சாவடியில் இடம் கொடுத்தார்கள். அக்காள் தங்கை போலப் பெண்கள் வந்து லிங்கம்மாளோடு பேசினார்கள். அவளை முளைப்பாரி போட்ட வீட்டில் படுக்கச் சொன்னார்கள். கொட்டு அடித்தார்கள், காப்புக் கட்டினார்கள். திம்மையா கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். அப்போது சீட்டி கேட்டது. முதல் முறையாக அது அவர் முதுகுக்குப் பின்னால் இல்லை. முன்னால், ஊருக்குள், ஏதோ ஒரு சந்துக்குள் இருந்தது.

இருந்த நாளெல்லாம் அப்படித்தான். கிணற்றடியில் நின்றால் கொல்லன் வீட்டுப் பக்கம். கொல்லன் வீட்டுக்குப் போனால் கோயிலுக்குப் பின்னால். ஊர்க்காரன் ஒருவன் தன் ஊருக்குள் வேலையாகத் திரிகிற மாதிரி.

முளைப்பாரியை ஆற்றில் கரைத்து வந்த மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். காப்புக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் ஊர்ச்சோறு. தைத்த ஆலிலைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தவள் கருத்தம்மாள், கோயில் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிறவள். வரிசைக் கடைசியில் ஆள் இல்லாத இடத்தில் இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் வைத்தாள்.

"அது யாருக்கு?" என்று லிங்கம்மாள் கேட்டாள்.

"அதுவா, சேலை விக்க வந்தவுக ரெண்டு பேரு. காப்புக்குள்ள இருந்தாக."

"எங்க அவுக?"

"ஊருக்குள்ளதான்." கருத்தம்மாள் சாதாரணமாகச் சொன்னாள். "உள்ள இருந்தவுகளை ஊருதானே மஞ்சத்தண்ணி குடுத்து அனுப்பணும்? நாங்க அனுப்பலையே. அப்ப இங்கனதான் இருக்காக. வருசா வருசம் எலை போட்டுருவோம். பசிச்ச ஆளு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கூடாதுல்ல."

மூன்று வருஷமாக அருப்புக்கோட்டையில் தின்று, உறங்கி, தறியில் உட்கார்ந்தவன் யார் என்று திம்மையாவுக்கே ஒரு கணம் விளங்கவில்லை.

"அந்த ரெண்டு பேருல ஒருத்தன் நாந்தான்" என்றார்.

கருத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டுல எது?"

"உசுரோட இருக்கறது."

"அப்ப உக்காருங்க. சோறு ஆறுது."

உட்கார்ந்தார். பக்கத்து இலையை அவர் பார்க்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் பூசாரி அவர் கையில் மஞ்சத்தண்ணீர் ஊற்றி, "போய்ட்டு வாங்க" என்றார். மூன்று வருஷம் தாமதமான வார்த்தை.

கருத்தம்மாள் லிங்கம்மாளிடம் வந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது. "உன் புருசனையும் அனுப்பிரலாம் தாயி. எலையை மடிச்சு எடுத்து, பேரைச் சொல்லி, போய்ட்டு வாங்கன்னு சொன்னாப் போதும். நீ சொன்னாப் போயிருவாக."

திம்மையா தங்கையைப் பார்த்தார். லிங்கம்மாள் இலைக்கு முன்னால் குனிந்தாள். ஓரத்தைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள். "அடுத்த வருசமும் போடுங்க."

"லிங்கம்மா..." திம்மையா அவள் பக்கம் குனிந்தார். "எனக்காகவாச்சும் சொல்லிரும்மா."

"மூணு வருசம் உங்க பின்னால நடந்தாரு. என் பின்னால ஒரு நாளு நடந்தாரா? ராத்திரி பகலா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு தடவை கேக்கல. இப்பத்தான் இருக்கிற எடம் தெரிஞ்சிருக்கு. இங்க சோறு போடுறாக. அனுப்பிட்டா எங்க போயித் தேடுவேன்?"

வண்டியைப் பூட்டினார்கள்.

எல்லைக் கல்லைத் தாண்டும்போது திம்மையா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் இல்லை. ஊர் அவரை அனுப்பிவிட்டது. அவன் அங்கேயே நின்றுவிட்டான். நரிக்குடி வரை கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி அச்சு கிரீச்சிடுவதைத் தவிர ஒன்றும் இல்லை. இதைத்தானே கேட்டோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். லிங்கம்மாள் வண்டியின் பின்புறம், வந்த பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குண்டாற்று மணலில் மாடுகள் திணறின. பாரம் குறையட்டும் என்று திம்மையா இறங்கிப் பின்னால் நடந்தார். கரையில் வெங்கடரமணனை வைத்த மேடு தெரிந்தது. அவர் உதட்டைக் குவித்தார். முன்பல் சந்து அவருக்கு இல்லை. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது. இரண்டு இழுப்பு. மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, "ஹை" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

லிங்கம்மாள் முகத்தைத் திருப்பி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. முன்னால் உக்கிரபாண்டி கயிற்றை இறுக்கி மாடுகளை மெதுவாக நடத்தினார்.

கொஞ்ச தூரம் போனதும் முந்தானைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணய்யா, இன்னுங் கொஞ்சம் தள்ளி வாங்க."

சீட்டியை விடாமல் திம்மையா நடையைத் தளர்த்தினார். வண்டி முன்னால் போயிற்று.