பதினாலு முதலாளிகள், பத்து ஹெல்மெட்

போன மே மாதம், உச்சி வெயிலில், மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பாலக்காட்டு எல்லையில் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் காட்டில் மண்வெட்டியோடு நின்றேன். பார்த்தவர்கள் ஏதோ சுரங்கத் தொழிலாளி என்று நினைத்திருப்பார்கள். தப்பு. நான் அந்தச் சுரங்கக் கம்பெனியின் முதலாளி. பதினாலு முதலாளிகளில் ஒருத்தி.

எப்படி முதலாளி ஆனேன்? வாய் திறக்கத் தெரியாததால்தான்.

கேரள மலையில், வண்டன்மேட்டில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். வறட்சியில் முக்கால்வாசிச் செடி கருகிவிட்டது. மறுபடி கன்று நட ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தேன். ஜூன் மழைக்கு நட்டால்தான் உண்டு. விட்டால் இன்னொரு வருஷம் வெறும் நிலம்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ராயப்பன் அண்ணன் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஏலக்காய் உலர்த்திக் கொடுக்கிறவர். பாலக்காட்டுப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியாம். பூமிக்கடியில் வெள்ளைக்கல்லாம். டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் ஆகுமாம். பேங்கில் புராஜெக்ட் லோன் கேட்டிருக்கிறார்கள். லோன் வந்தால் மெஷின் வரும். மெஷின் வந்தால் கல் வரும். கல் வந்தால்...

"யோசிச்சுப் பாரு தாயி. ஏலத்துக்குத் தண்டுதுளைப்பான் வரும். அழுகல் வரும். மழை பெஞ்சாலும் போச்சு, பெய்யலைன்னாலும் போச்சு. கல்லுக்கு என்ன வரும்?"

யோசித்தேன். கல்லுக்கு வரக்கூடிய ஒரு நோய்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. மே மாதத்துக்குள் பணம் திரும்பிவிடும் என்றார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். கொடுத்துவிட்டேன். உலகத்தில் பாதி முதலீடு இப்படித்தான் நடக்கிறதோ என்னவோ — எதிரே நிற்கிறவர் முகம் வாடக் கூடாதே என்று.

பிப்ரவரியில் கேட்டேன். லோன் அடுத்த வாரம் என்றார். மார்ச்சில் கேட்டேன். அடுத்த வாரம். ஏப்ரலில் ராயப்பன் அண்ணன் சர்ச்சின் பக்கவாட்டு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

மே மாதம் அவரே போன் செய்தார். பேங்கிலிருந்து இடத்தைப் பார்க்க வருகிறார்களாம். வேலை நடக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். முதலாளிகள் எல்லாரும் மண்வெட்டியோடு வர வேண்டும்.

"வேலைக்காரங்க இல்லையாண்ணே?"

"லோன் வந்தாத்தான தாயி வேலைக்காரங்க?"

மண்வெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். பதினாலு பேரும் எங்கள் பக்கத்து ஏலக்காரர்கள். ராயப்பன் அண்ணன் பேச்சுக்கு மயங்கியவர்கள். கேரளத்திலிருந்து இறங்கி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கேரளப் போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ளில் எந்தா?"

"ஷேர் ஹோல்டர்ஸ்," என்றார் ராயப்பன் அண்ணன்.

அந்தப் போலீஸ்காரர் மண்வெட்டிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

சைட்டில் எம்.டி. செந்தில் காத்திருந்தார். இளவயசுக்காரர். அப்பாவுடைய வறண்ட காட்டில் வெள்ளைக்கல்லைக் கண்டதாகச் சொல்பவர். கெட்டவர் என்று சொல்ல மனம் வராது. வந்ததும் வராததுமாக எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

"வாங்க, வாங்க. சாப்ட்டுட்டு வந்தீங்ளா? இந்தாங்க, ஹெல்மெட்டுங்க."

ஹெல்மெட் பத்துதான் இருந்தது. மிச்சம் நாலு முதலாளிகளைப் பனைமரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பனைமரம் எவ்வளவு அகலம் இருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"இது பொய் இல்லையா தம்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"பொய் இல்லீங்க்கா, அலங்காரமுங்க. பொண்ணு பாக்க வர்றப்ப பக்கத்தூட்டு நாற்காலிய வாங்கிப் போடறதில்லீங்ளா?"

"சரி, நாங்க என்ன செய்யணும்?"

"சும்மா தோண்டிட்டு இருங்க."

அதை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. எங்களுக்குச் சும்மா தோண்டத் தெரியாது. மண்வெட்டி கைக்கு வந்தால் கை தானாக ஒரே வேலையைத்தான் செய்யும். ஒருவர் குச்சி அடித்தார். ஒருவர் கயிறு பிடித்தார். மூன்றடிச் சதுரம், ஒன்றரையடி ஆழம், மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம். பனைமரத்துக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் பொறுக்க முடியாமல் வெளியே வந்து, "அந்த வரிசை கோணுது பாரு" என்று திருத்த ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் முப்பது குழி. அப்படி ஒரு அழகு.

பேங்க் மேடம் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். குடையை மடக்கினார். வரிசையைப் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, குனிந்து ஒரு குழியை அளந்தார். நிமிர்ந்து நேராக என்னிடம் வந்தார். ஏன் என்னிடம்? கூச்சப்படுகிறவர்களை அதிகாரிகள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"சேச்சி, இது ஏலக்குழி அல்லே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கட்டப்பனையில ஒம்பது வருஷம் ஏலத்துக்கு லோன் குடுத்த ஆளு நான். எத்தனை குழி அளந்திருக்கேன்... இந்த வெயில்ல ஏலமா வைக்கப் போறீங்க?"

செந்தில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறார். ராயப்பன் அண்ணன் வானத்தில் எதையோ தேடுகிறார். கல்லுக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் லோன் வரலாம், என் பணமும் வரலாம். சொல்லாவிட்டால் ஜூன் போய்விடும்.

தெரியாத தொழிலில் பணத்தைப் போட்டால் அது பேசாமல் கிடக்கும். கையைப் போட்டால் கை உண்மையைச் சொல்லிவிடுகிறது. கை சொன்ன பிறகு வாய் என்னத்தை மறைக்க?

"ஏலக்குழிதான் மேடம். நாங்க வேலைக்காரங்க இல்ல, பணம் போட்டவங்க. நான் கன்னு நட வச்சிருந்த பணம் இதுல கெடக்கு. வேற மாதிரி தோண்ட எங்களுக்குத் தெரியாது."

அவ்வளவு நீளமாக ஒரு அதிகாரியிடம் நான் பேசியதே இல்லை.

மேடம் செந்தில் பக்கம் திரும்பினார். "கல்லு எங்கே?"

"லோன் வந்தா தோண்டிப் பாத்துர்லாங்க."

"பின்னே, கல்லு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"மேலால நாலஞ்சு கெடந்துச்சுங்க."

மேடம் அந்தக் குழிகளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "கல்லுக்கு லோன் கிடைக்காது. முதல்ல இவங்க பணத்தைத் திருப்பிக் குடுங்க. குழி நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமாக்கித் தென்னை வைங்க. அதுக்கு அப்ளிகேஷன் குடுத்தா பார்க்கலாம்."

செந்தில் அப்ளிகேஷன் கொடுத்தார். பேங்க் பார்த்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து மாதம் வராத லோன், தென்னங்கன்றுக்கு மூன்றே வாரத்தில் வந்தது.

எங்கள் பணத்தில் செலவாகாமல் மிஞ்சியதைச் செந்தில் பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பாதி வந்தது. மீதி போர்டாகவும் ஃபைலாகவும் ஹெல்மெட்டாகவும் மாறிவிட்டதாம். "அதுக்குப் பதுலா காய்ப்புல பங்கு தர்றனுங்க்கா," என்றார். ஜூன் மழைக்கு முக்கால் ஏக்கர் நட்டேன். எல்லாம் துளிர்த்துவிட்டது. மீதி முக்கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது — சுரங்கக் கம்பெனியின் முதல் இளநீரை எதிர்பார்த்து.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஊருக்கு வந்திருந்தபோது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முப்பது குழி... கூலி யாரு குடுத்தா?"