அவர் ஊற்றாத தண்ணீர்

என் கணவர் இருசக்கர வாகன மெக்கானிக். என் அத்தை மகன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள், அது வந்து நின்ற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நுழைவுத் தேர்வு, நேர்காணல், மொழி வகுப்பு எல்லாவற்றுக்கும் அவருடைய பைக்கின் பின்சீட்டில்தான் போனேன். எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு கிளம்பினார். "இந்தத் தடவை நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்குறேன்" என்றார். வீடே சிரித்தது.

வந்து இறங்கிய அன்று, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, மாடிப்படியில் பெட்டிகளோடு நின்றபடி அவரிடம் இரண்டு விஷயங்கள் சொன்னேன். அத்தை மகன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் வாகனத் துறை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

"சரிங்க மேடம். மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் ஃபார்ம் இருக்கா?" என்றார்.

நானும் சிரித்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வீடு கம்பெனி கொடுத்தது. மூன்றாவது மாடி. ஒரே அறை, அதன் மூலையில் இரண்டு அடுப்பு, பக்கத்தில் குளியலறை. சனிக்கிழமை காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தார். முன்பு குடியிருந்தவர்களின் அழுக்கு குளியலறை மூலைகளில் கறுப்பாக ஒட்டியிருந்தது. புது வீடு, அதைக் கழுவாமல் எப்படி இருப்பது? சோப்புத்தூளைத் தூவி, குப்பைக்கூடையைக் கழுவி அதையே வாளியாக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். நன்றாக நுரைத்தது. தள்ளிவிடலாம் என்று பார்த்தபோதுதான், தரையில் தண்ணீர் போக வழியே இல்லை என்பது தெரிந்தது.

குளிக்கும் தொட்டிக்குள்தான் துவாரம் இருந்தது. தரை என்பது துணியால் துடைக்க மட்டும். இருந்த இரண்டு துண்டுகளையும் போட்டு ஒற்றி எடுத்தேன். பாதித் தண்ணீர் தொட்டிக்கு அடியில் இருந்த இடுக்கில் தானாகவே இறங்கிக் காணாமல் போனது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். பொறியியல் பட்டம் வாங்கியவள், அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கட்டடப் பொறுப்பாளரும் கீழ்வீட்டு அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா தபால் அலுவலகத்தில் வேலை செய்பவர். வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தார். தோளில் சுண்ணாம்புத் துணுக்குகள். அவருடைய குளியலறைக் கூரையில் ஒரு பகுதி ஊறிப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. பொறுப்பாளர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். என்ன நடந்தது, யார் செய்தது என்று எழுத வேண்டுமாம்.

எனக்கு இன்னும் ஆறு மாதம் தகுதிகாண் காலம். என் பெயர் போட்ட முதல் காகிதமே இப்படியா போக வேண்டும்? அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் அவர். நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்து, பால் பாக்கெட்டைப் பிடித்திருந்த கையோடு கும்பிட்டார்.

"என் கணவர்தான்" என்றேன், ஆறு மாத வகுப்பில் கற்ற மொழியில், இலக்கணப் பிழை இல்லாமல். "அவர் அதிகம் படிக்காதவர். இந்த ஊர்ப் பழக்கம் தெரியாது. மன்னியுங்கள். கூரையை அவரே சரிசெய்து கொடுப்பார்."

பொறுப்பாளர் எழுதிக்கொண்டார். கீழ்வீட்டு அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். மொழி புரியாத என் கணவர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனதும், "என்னவாம்?" என்றார்.

"கீழ்வீட்டுல சீலிங் பேந்துருச்சாம் மாமா. பழைய பைப்பு ஒழுகுதாம். உங்களுக்குக் கைவேலை தெரியும்னு சொன்னேன். செஞ்சு தர்றீங்களான்னு கேக்குறாங்க."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாளாக வீட்டில் சும்மா கிடந்தவர். "அட, வந்ததும் வராததுமா நமக்கு ஆர்டர் வந்துருச்சு!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். அன்று மாலை அத்தை போனில் வந்தபோதும் அதையே சொல்லிப் பெருமைப்பட்டார். "பாத்தியாடி, என் புள்ள எங்க போனாலும் பொழச்சுக்குவான்" என்றார் அத்தை. நான் அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டேன்.

மூன்று நாள் கீழே போய்வந்தார். முதல் நாள் பெயர்ந்ததைச் சுரண்டிக் காயவிட்டார். இரண்டாம் நாள் பட்டி பூசிச் சமப்படுத்தினார். வேலையிலிருந்து நான் திரும்பும்போது தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. "பைப்பு ஒழுகுதுன்னு யாரு சொன்னா? கை விட்டுத் தடவிப் பாத்தேன். எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. கோளாறு எங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்ல?"

"எனக்கென்ன தெரியும், அவங்க சொன்னாங்க" என்றேன். ஒரு பொய்யை நிற்கவைக்க இன்னொன்று.

மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னைக்கு அந்தம்மா எனக்கு க்ளாஸ் எடுத்துச்சு!" அறையின் நடுவில் நின்று நடித்துக் காட்டினார். முதலில் வாளியைக் கவிழ்ப்பதுபோல் காட்டி, விரலை ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்று தலையசைத்தாராம். பிறகு துடைப்பானை எடுத்து, பிழிந்து, தரையைத் துடைத்துக் காட்டினாராம். அதை இவர் கையில் கொடுத்து, நீ செய் என்றாராம். "எல்கேஜி புள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி. நானும் தொடச்சுக் காட்டுனேன். குட்னு தோள்ல தட்டுச்சு. எனக்கு எதுக்கு இதெல்லாம்..."

துடைத்துக் காட்டிய கை அப்படியே நின்றது. குளியலறையைப் பார்த்தார். காய்ந்தும் நாற்றம் போகாமல் தொங்கிய இரண்டு துண்டுகளைப் பார்த்தார்.

"நீ கழுவுனியா?"

தலையை ஆட்டினேன்.

"நான்னு சொன்னியா?"

அதற்கும் ஆட்டினேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே என் பேர்ல போட்டுக்கிட்டுருப்பேன்" என்றார். "மூணு நாளா நான் சிரிச்சுக்கிட்டுப் போனேன்டி அந்த வீட்டுக்கு. சிரிச்சுக்கிட்டு."

மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன் கீழே இறங்கிப் போனேன். அவரும் பெயின்ட் டப்பாவோடு பின்னால் வந்தார். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியெல்லாம் மனத்துக்குள் தயாராக்கி வைத்திருந்தேன். அவற்றுக்கு அந்த அம்மா காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், என் கணவரின் கையைப் பிடித்து, தன் மொழியில் என்னவோ வேகமாகச் சொன்னார். துடைப்பானைக் காட்டித் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். இவர் மெதுவாகச் சிரித்தார். என் பக்கம் இருவருமே திரும்பவில்லை.

கம்பெனிக்குப் போன தாள் மிச்சம் இருந்தது. மாலையில் கணினியைத் திறந்து, குடியிருப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். அறிக்கையில் உள்ளது உண்மையல்ல, தரையைக் கழுவியது நான், என் கணவர் அப்போது வீட்டிலேயே இல்லை. அவர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன எழுதியிருக்க? படி."

தமிழில் சொன்னேன்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியல மாமா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார், புரியாத எழுத்துகளை. "தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வரி சேத்துக்கோ. தெரிஞ்சா ஊத்துன?"

சேர்த்தேன். தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மை. அதற்குக் கீழே, 'தெரிந்தே அவர்மேல் பழி போட்டேன்' என்றும் எழுதினேன். அந்த வரியைத் தமிழில் சொல்லிக்காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"ம்" என்றார். பிறகு, "அனுப்பு."

அனுப்பினேன். அவர் போய்ப் பாயை விரித்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.