மாதக்கா கேட்ட ஷிப்ட்

புட்டமாதம்மாவை வெளியே நிறுத்திக் கேட்டைச் சாத்தியவன் நான்தான். காலை ஆறு பத்துக்கு மேல் யார் வந்தாலும் விடக் கூடாது. விட்டால் என் வேலை போகும். அவள் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மணி ஆறு பதினாலு.

"சித்தராஜண்ணா, நாலு நிமிஷந்தானே?"

"தெரியுது மாதக்கா. மேல கேமரா இருக்கு."

அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எனக்கும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கம்பி வழியாக ஒரு டீயை நீட்டினேன். நடந்தபடியே குடித்தாள்.

எங்கள் நஞ்சன்கூடு பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. பேக்கிங்கில் மூன்றாவது லைன். புருஷன் கெம்பராஜுவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்களுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மத்தியான ஷிப்ட் வாரம் என்றால் பிரச்சினையில்லை. அவனைக் கூட்டிவந்து சோறு போட்டுவிட்டு வேலைக்கு வரலாம். காலை ஷிப்ட் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை நம்பித்தான் விடவேண்டும். அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. இவளே புருஷனை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

எப்போதும் மத்தியான ஷிப்டே போடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மானேஜர் ஹெக்டே மூன்று முறையும் ஒரே பதில்தான் சொன்னார்: "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

ஒன்பது மணிவாக்கில், ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முன் கேட்டருகே வந்து நின்றாள்.

"எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்றாரே, அந்த எல்லாரையும் யாராவது கேட்டுப் பாத்தாங்களாண்ணா?"

காலி டம்ளரைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் குழாயடியில். அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது. அதனால் ஜபீனாவைச் சேர்த்துக்கொண்டாள். ஜபீனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மைசூரில் அதற்கான பள்ளிக்கூடத்தில் படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள். ஆனாலும் மெஷின் பக்கம் விடாமல் மூன்று வருஷமாக அட்டைப்பெட்டி மடிக்கத்தான் வைத்திருந்தார்கள். மெஷின் சிக்கினால் மணி அடிக்கும், அவளுக்குக் கேட்காது, அதுதான் காரணம்.

"என்ன மாதக்கா, எலக்‌ஷன்ல நிக்கிறியா?" என்று பஸ்ஸில் கிண்டல் செய்தார்கள்.

"நின்னா ஓட்டுப் போடுவியா?"

"பிரியாணி போட்டா யோசிக்கலாம்."

மூன்று வாரத்தில் பேக்கிங்கில் இருக்கும் அறுபத்திரண்டு பெண்களையும் கேட்டு முடித்தாள். இருபத்தேழு பேருக்கு எப்போதும் காலை ஷிப்ட் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கவேண்டும். பதினாறு பேருக்கு மத்தியானம். மீதிப் பத்தொன்பது பேருக்கு எதுவானாலும் சரி.

பட்டியலைப் பார்த்ததும் ஹெக்டேயின் முகம் மாறிவிட்டது. "இதை யாரு செய்யச் சொன்னா? யூனியனா?"

"பஸ்ஸுல சும்மா உக்காந்துதானே வர்றோம் சார்."

அதை அவர் மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். இரண்டு வாரம் ஒரு பேச்சும் இல்லை. மாதக்காவை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது. தினமும் உள்ளே நுழையும்போது என்னிடம் கேட்பாள்: "எனக்கு ஏதாச்சும் லெட்டர் வந்துச்சாண்ணா?" நகத்தையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தாள். பயந்துபோய் நாலு பேர் தங்கள் பெயரை அடிக்கச் சொல்லி ஜபீனாவிடம் வந்தார்கள். அவள் அடிக்கவில்லை. கையில் இருந்த நகலை அவர்கள் முன்னால் விரித்துப் பேனாவை நீட்டினாள். இரண்டு பேர் அடித்தார்கள். இரண்டு பேர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தசரா ஆர்டர் வந்து குவிந்த சமயம். திங்கட்கிழமை காலை ஷிப்டில் வாரம் தவறாமல் பத்துப் பேர் வருவதில்லை. ஹெக்டேக்கு மேலிருந்து நெருக்கினார்கள். ஒருநாள் மாதக்காவையும் ஜபீனாவையும் ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை மாதக்கா என்னிடம் சொன்னாள்.

"கேட்ட ஷிப்டே தர்றேன். மூணாவது லைன்ல மட்டும், ஒரு மாசம். சரியா வரலைன்னா பழைய மாதிரிதான். வேற ஏதாவது?"

ஜபீனா மேஜையைத் தட்டினாள். காகிதத்தில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள். 'நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினால் எனக்குப் புரியாது. மணியோடு ஒரு விளக்கும் எரிந்தால் நானும் மெஷினில் நிற்பேன்.' ஹெக்டே அதை இரண்டு முறை படித்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் சுலபமாகப் போகவில்லை. இரண்டாவது வாரம் மத்தியானத்துக்காரிகள் இரண்டு பேர் ஒரே நாளில் வரவில்லை. லைன் நாற்பது நிமிஷம் நின்றது. "பாத்தியா உன் ஏற்பாட்டை" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னான். மாதக்கா அன்று சோற்றைத் தொடவில்லை. மறுநாள், எதுவானாலும் சரி என்ற அந்தப் பத்தொன்பது பேரில் மூன்றாவது லைன்காரிகளைப் பிடித்து, வராதவர்களுக்குப் பதிலாக நாளுக்கு இரண்டு பேர் என்று பெயர் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ராத்திரி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடாமல் ஊருக்குள் போகவேண்டும் என்றும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபிறகு அதற்கும் சரி என்றார்கள். விளக்கு மாட்டத்தான் ஐந்து வாரம் ஆனது. மாட்டிய அன்றே ஜபீனா மெஷினுக்கு வந்தாள். இப்போது காது கேட்கிறவர்களும் அந்த விளக்கைத்தான் பார்க்கிறார்கள். அந்த இரைச்சலில் மணி யாருக்குமே கேட்டதில்லை.

மாதம் முடிந்தபோது மூன்றாவது லைனில் திங்கட்கிழமை வராதவர்கள் நாலு பேரிலிருந்து ஒருவராகக் குறைந்திருந்தார்கள். ஹெக்டே ஒன்றும் அறிவிக்கவில்லை. அடுத்த மாதமும் அதே பட்டியல் பலகையில் இருந்தது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் எல்லா லைனுக்கும் அது வந்தது. கேட்டிலும் கால் மணி நேரம் தாமதமாக வரலாம், ஷிப்ட் முடிவில் நின்று ஈடுகட்ட வேண்டும் என்று ஆனது.

புது ஏற்பாடு வந்த இரண்டாவது வருஷம் மார்ச்சில் கெம்பராஜு செத்துப்போனான். காரியம் முடிந்து வந்த அன்றைக்கே ஹெக்டே அவளைக் கூப்பிட்டு, இனிமேல் காலை ஷிப்ட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"தெரியல சார். காலையிலயும் வீட்ல இருக்க முடியல, சாயங்காலமும் இருக்க முடியல."

இரண்டு மாதம் கழித்துத் தன் மத்தியான இடத்தைக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, எதுவானாலும் சரி என்கிற பட்டியலுக்குப் போனாள்.

போன மாதம் நோட்டும் ஜபீனாவுமாக என் வாட்ச்மேன் கூண்டுக்கு வந்தாள்.

"உனக்கு எந்த ஷிப்ட் வேணும், அண்ணா?"

"நாங்க காண்ட்ராக்ட், மாதக்கா. இதுல எல்லாம் வர மாட்டோம்."

"அதை நான் கேக்கல."

பதினாலு வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஜபீனா என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல சாப்பிடணும்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். செக்யூரிட்டி ஏஜென்சி இன்னும் பதில் சொல்லவில்லை. மாதக்கா மைசூரில் அவர்கள் ஆபீசுக்கு இரண்டு தடவை போய்வந்துவிட்டாள். வியாழக்கிழமை மறுபடியும் போகிறாளாம். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து எனக்குக் காலை ஷிப்ட். இனி அதை நான்தான் கேட்டு மாற்றவேண்டும்.