உத்தியோகத்தரின் விரதம்

துணுக்காய்ப் பகுதியில் குளத்தின்கீழ்க் காணி பெற்று நாங்கள் குடியேறிய நான்காம் வருடம், வாய்க்கால்களைப் பார்வையிட வரும் உத்தியோகத்தரிடமிருந்து தகப்பனாருக்கு ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அதனை அவர் என் தமையனாரிடம் நீட்டினார். தமையனார் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார். அவரை மறித்து வயலில் இறக்கலாமா என்ற யோசனையும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

"இதை வாசிக்கத் தெரியாட்டி, நாளையிலயிருந்து மண்வெட்டிதான்" என்றார் தகப்பனார்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி, எங்கள் வீடு என்பவை உடனே விளங்கிவிட்டன. 'பிரேக்பாஸ்ட்' என்ற ஒரு சொல்லே இடறிற்று. அகராதியில் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. தமையனார் சொல்லை இரண்டாகப் பிரித்தார். 'பிரேக்' என்றால் முறித்தல். அது அவர் அறிந்ததே. 'பாஸ்ட்' என்பதற்கு விரைவு, விரதம் என இரு பொருள்கள் அகப்பட்டன. விரைவை முறிப்பதற்காக எவரும் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

"விரதம் முடிக்க வாறாராம்" என்று அறிவித்தார்.

தாயார் குசினியை மெழுகினார். கருவாடும் முட்டைகளும் அடுத்த வளவுக்குப் போயின. வெள்ளியன்று விடியுமுன்னரே சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், அகத்தி, பாயசம் யாவும் ஆயத்தமாயின.

காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் தேநீரும் எதிர்பார்த்து வந்த உத்தியோகத்தர் தலைவாழையிலையைக் கண்டு திகைத்து நின்றார்.

"ஐயா எந்த விரதம் பிடிச்சனீங்கள்?" என்று தாயார் பணிவுடன் வினவினார்.

அவர் இலையைப் பார்த்தார். பின்பு, துண்டைக் கையிற் பிடித்தபடி கதவோரம் நின்ற தமையனாரைப் பார்த்தார்.

"ராத்திரி துவங்கின விரதம், அம்மா. தம்பி சரியாத்தான் வாசிச்சிருக்கிறார்."

அவர் சொன்னது பொய்யன்று. இரவு முழுதும் உண்ணாதிருந்த வயிற்றின் நோன்பை முறிப்பதே அச்சொல்லின் பிறப்பு என்றும், ஆங்கிலேயரே அதை மறந்து காலையுணவுக்கெல்லாம் அப்பெயரை வழங்குகின்றனர் என்றும் நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தேன்.

அவர் பாயசம் இரண்டாம் முறையும் வாங்கி உண்டார். தகப்பனாரின் முகம் மலர்ந்தது. "இவன் படிக்கட்டும்" என்று தாயாரிடம் சொல்லிவிட்டு, மகனின் கெட்டித்தனத்தைக் கூற அயல் வீடுகளுக்குப் புறப்பட்டார்.

உத்தியோகத்தரோ வாசற் படலையடியில் தமையனாரை அழைத்து, தோளில் கைவைத்து, துண்டிலிருந்த அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சென்றார். தமையனார் தலைகுனிந்தபடி திரும்பி வந்தார். மத்தியானம் தாயார் எத்தனை தரம் அழைத்தும் அவர் சாப்பிட வரவில்லை.

அவரும் விரதம் தொடங்கிவிட்டார் என்றே நான் எண்ணிக்கொண்டேன்.